பத்து ஆண்டு, மூன்று ஊர்: 2011இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் எங்கே கையெழுத்திட்டிருக்க வேண்டும்?

2011 அக்டோபர் 7, ஃபிலடெல்ஃபியா. பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிப் பந்தை உள்ளூர் அணியின் ரையன் ஹாவர்ட் தரையோடு இரண்டாம் பேஸ் பக்கம் அடித்துவிட்டு ஓடினார். எடுத்து எறிந்த பந்து, அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸில் காலை ஊன்றி நின்ற கார்டினல்ஸ் வீரர் ஆல்பர்ட் புஹோல்ஸின் கையுறைக்குள் முந்தி வந்து விழுந்தது. ஹாவர்ட் அவுட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1-0 என்று வென்றுவிட்டது. கார்டினல்ஸ் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருக்க, ஹாவர்ட் பாதி வழியில் புல்லில் சரிந்து கிடந்தார். குதிகால் தசைநார் அறுந்திருந்தது.

ஹாவர்டும் முதல் பேஸ்காரர்தான். புஹோல்ஸைவிட இரண்டு மாதம் மூத்தவர். ஐந்து ஆண்டுக்கு 12.5 கோடி டாலர் என்ற அவருடைய புதிய ஒப்பந்தம் அடுத்த சீசனில்தான் தொடங்கவிருந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் பழைய ஹாவர்டாகத் திரும்பவே இல்லை.

இதை மிக அருகிலிருந்து பார்த்த புஹோல்ஸ், இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 8 அன்று, தன் 32ஆம் வயதிலிருந்து 41ஆம் வயது வரைக்கும் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். அது செயின்ட் லூயிஸோடு அல்ல, கலிஃபோர்னியாவின் அனாஹைமில் ஆடும் ஏஞ்சல்ஸ் அணியோடு. “அவர் போனது சரியா?” என்று பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய வாசகர்கள் இன்றும் கேட்கிறார்கள். பதினொரு ஆண்டு ஊட்டி வளர்த்த ஊரைக் காசுக்காக விட்டவர் என்பது ஒரு கட்சி. உழைப்புக்குச் சந்தை கொடுத்த விலையை வாங்கியவர், அதில் என்ன தப்பு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கணக்குப் பார்க்காமலே சண்டை போடுகின்றன. கணக்கைப் பார்த்துவிடலாம்.

(பெயரை ‘புஜோல்ஸ்’ என்று படிக்காதீர்கள். ஸ்பானிய உச்சரிப்பில் அந்த இடத்தில் ஹகரம்தான்.)

## ஆள் யார், கையில் என்ன இருந்தது

டொமினிக்கன் குடியரசின் சான்டோ டொமிங்கோவில் 1980 ஜனவரியில் பிறந்தவர். பதின்ம வயதில் அமெரிக்காவுக்கு வந்து, மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் பள்ளிப் படிப்பு. 1999இல், அணிகள் புது வீரர்களை முறைவைத்துப் பொறுக்கும் டிராஃப்ட் தேர்வில், 402ஆவது ஆளாகத்தான் கார்டினல்ஸ் அவரை எடுத்தது. அதாவது, அவருக்கு முன்னால் 401 பேர் தேறியவர்கள் என்று நாடு முழுவதும் இருந்த நிபுணர்கள் நினைத்தார்கள். இரண்டே ஆண்டில், 2001இல், ஒரு எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 2005, 2008, 2009 என மூன்று முறை, பெரிய லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் (எம்.வி.பி.). 2006, 2011 என இரண்டு முறை, ஆண்டின் இறுதிச் சுற்றான வேர்ல்டு சீரிஸில் வெற்றி.

முதல் பேஸ் அவர் பிறந்த இடம் அல்ல. மூன்றாம் பேஸ், இடப்புறம், வலப்புறம் எனக் காலியான இடத்திலெல்லாம் நிறுத்தினார்கள். 2003இல் முழங்கை பாதிக்கப்பட்டு, தூரத்திலிருந்து பந்தை எறிய முடியாமல் போன பிறகுதான் 2004 முதல் அங்கே நிரந்தரமானார். பிறகு அந்த இடத்திலேயே களத்தில் பந்தைத் தடுப்பவர்களுக்கான தங்கக் கையுறை விருதும் இரண்டு முறை வாங்கினார்.

செயின்ட் லூயிஸில் பதினொரு ஆண்டு: 445 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி), ஆயிரம் வாய்ப்புக்கு 328 என்ற அடி விகிதம். மூன்று எம்.வி.பி. விருதும் வந்த ஆண்டுகளுக்கு அவர் வாங்கியது 2004இல் போட்ட ஏழாண்டு, 10 கோடி டாலர் ஒப்பந்தம். 2011க்கு 1.6 கோடி. அவர் தரத்துக்கு அது மலிவு. பேச்சு முறிந்ததன் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அணி இனிவரும் ஆண்டுகளுக்கு விலை பேசியது, அவர் கழிந்துபோன ஆண்டுகளின் பாக்கியையும் சேர்த்துக் கேட்டார்.

2011இல் சிறு சறுக்கலும் தெரிந்தது. அடி விகிதம் 299, அடித்து உள்ளே கொண்டுவந்த ரன்கள் 99. முதல் பத்து ஆண்டில் ஒருமுறைகூட 300க்கும் 100க்கும் கீழே இறங்காதவர் இரண்டிலும் ஒரு நூலிழையில் இறங்கினார். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, வேர்ல்டு சீரிஸ் மூன்றாம் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் வேர்ல்டு சீரிஸில் அதைச் செய்தவர்கள் பேப் ரூத், ரெஜி ஜாக்சன் என்ற இருவர் மட்டுமே. விலை பேசப்போகிறவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

## எதைக்கொண்டு எடைபோடுவது

தொகையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கதையில் தவறிவிடுகிறார்கள். ஐந்து விஷயங்களைக் கேட்க வேண்டும்.

கையில் சேரும் காசு. தலைப்புச் செய்தியில் வரும் எண் வேறு, மாநில வரி போய், எந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகு நிற்கும் எண் வேறு.

கிழட்டு உடம்பு எங்கே நிற்கும். அன்று அமெரிக்கன் லீகில் மட்டும்தான் டெசிக்னேட்டட் ஹிட்டர் என்ற இடம் இருந்தது: களத்தில் இறங்காமல், முறை வரும்போது மட்டையை மட்டும் பிடிப்பவர். நேஷனல் லீகில் பந்தெறியும் பிட்ச்சரே மட்டையும் பிடிக்க வேண்டும். அங்கே காலில் வலி என்றால் ஒதுங்கி உட்கார இடம் கிடையாது.

மாற்றிவிட முடியாத உரிமை. பெரிய லீகில் பத்து ஆண்டு, அதில் கடைசி ஐந்து ஒரே அணியில் என்று இருப்பவரை அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது. புஹோல்ஸுக்குச் செயின்ட் லூயிஸில் இந்த உரிமை ஏற்கெனவே கைவசம் இருந்தது. வெளியே காலை வைத்த அன்றே அது போய்விடும். புது அணியில் ஐந்து ஆண்டு உழைத்துத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

அக்டோபர். சீசன் முடிந்தபின் ஆடும் ஆட்டங்கள். இரண்டு முறை வேர்ல்டு சீரிஸ் மோதிரம் வாங்கியவருக்கு அதன் ருசி தெரியும்.

பெயர். இதற்கு விலை போட முடியாது. ஆனால் செயின்ட் லூயிஸில் ஸ்டான் மியூசியல் இருந்தார். 22 சீசன், ஒரே அணி, மைதானத்துக்கு வெளியே சிலை. அவருடைய பட்டப்பெயர் ‘தி மேன்’. அதன் ஸ்பானிய வடிவத்தைத் தனக்கு வைக்காதீர்கள், அந்தப் பெயர் அந்தப் பெரியவருக்கு மட்டும்தான் என்று புஹோல்ஸே கேட்டுக்கொண்டார். பெயரின் எடை அவருக்குத் தெரியாததல்ல.

இனி மூன்று ஊர்கள். சம்பளம் அனைத்தும் அமெரிக்க டாலரில். செயின்ட் லூயிஸ், மயாமி இரண்டும் சொன்ன தொகைகள் அன்று செய்திகளில் வந்தவை. கையெழுத்தாகாதவை, ஆகவே தோராயம் என்றே கொள்ளுங்கள்.

## செயின்ட் லூயிஸ்: தெரிந்த ஊர், தெரிந்த முதலாளி

2011 பிப்ரவரியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், புஹோல்ஸ் ஒரு கெடு வைத்தார். அதற்குள் முடியவில்லை, சீசன் முழுக்கப் பேச்சு இல்லை. சீசன் முடிந்த பிறகு அணி சொன்னது ஏறத்தாழ பத்து ஆண்டு, 21 கோடி. அதில் ஒரு பகுதியைப் பின்னாளில்தான் தருவோம் என்பதும் அடக்கம்.

வரி: மிசௌரியில் அன்று உச்ச விகிதம் 6 சதவீதம். செயின்ட் லூயிஸ் நகரம் தன் பங்குக்கு 1 சதவீதம் எடுக்கும். மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கோடிக்குள் போகும். மத்திய வரி எல்லா ஊருக்கும் ஒன்றே என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

மறைசெலவு: தள்ளிப்போட்ட பணம். இன்றைய டாலரும் பதினைந்து ஆண்டு கழித்து வரும் டாலரும் ஒரே எடை அல்ல. இன்னொரு மறைசெலவு முதல் பேஸ். இந்த லீகில் இருக்கும்வரை, 41 வயதிலும் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றே ஆக வேண்டும். முதல் பேஸ் என்றால் சும்மா நிற்கிற இடம் என்று நினைப்பவர்கள் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு காலின் நுனி பேஸின் ஓரத்தில், மறுகால் முன்னால் நீண்டு, உடம்பு முழுக்க ஒரு கோடாக இழுபட்டு, தரையில் குதித்து வரும் பந்தைக் கையுறையால் தோண்டி எடுப்பார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் இதற்குத் தயாராக நிற்க வேண்டும். ஆண்டுக்கு 162 ஆட்டம். பாதத்தில் கோளாறு உள்ளவருக்கு அது தண்டனை.

சாதகங்கள் கனமானவை. மாற்ற முடியாத உரிமை எழுதாமலே இருந்தது. அணி வலுவாக இருந்தது. பயிற்சியாளர் டோனி லா ருஸா வேர்ல்டு சீரிஸ் வென்ற சில நாளில் ஓய்வு பெற்றுவிட்டார் என்பது உண்மை. ஆனால் யாடியர் மொலினா, ஆடம் வெயின்ரைட் என்று நண்பர்கள் அங்கேயே இருந்தார்கள். அறக்கட்டளையும் அங்கே. 2011 நவம்பரில், முடிவெடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் பெயர் தாங்கிய உணவகத்தின் வாசலில் பத்தடி உயர வெண்கலச் சிலையே வைத்தார்கள். ஆள் உள்ளூரில் இருக்கும்போதே சிலை வைத்து, அடுத்த மாதமே ஆள் கிளம்பிப்போன ஊர் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

பிறகு ஏன் கசந்தது? அணி தொடக்கத்தில் ஐந்து ஆண்டு, 13 கோடி என்று சொன்னது அவமதிப்பாக இருந்தது என்று அவருடைய மனைவி பின்னர் வானொலியில் சொன்னார். ஆண்டுக் கணக்கில் அது சின்னத் தொகை அல்ல: 2.6 கோடி. அவர் கடைசியில் வாங்கியதன் ஆண்டுச் சராசரியைவிட அதிகம். ஆனால் ‘உன்னை 36 வயது வரைக்கும்தான் நம்புகிறோம்’ என்ற செய்தி அதில் இருந்தது. வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் கணக்குப்பிள்ளை பேசக்கூடாத பேச்சு அது.

பெயரையும் அக்டோபரையும் முதலில் வைப்பவருக்கு, உடம்பு நம்பகமாக இருப்பவருக்கு, இதுவே சிறந்தது.

## மயாமி: பளபளப்பு அதிகம்

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2012இல் புது மைதானம் திறக்கவிருந்த மார்லின்ஸ் அந்தக் குளிர்காலத்தில் கையில் காசோடு அலைந்தது. ஹோசே ரெயஸ் ஆறாண்டு 10.6 கோடி, மார்க் பூர்லே நான்காண்டு 5.8 கோடி என வாரி எடுத்தது. புஹோல்ஸுக்குப் பத்து ஆண்டு, 20 கோடியை ஒட்டி. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. உள்ளூர் ஆட்டங்களுக்கான சம்பளம் அப்படியே கைக்கு வரும். காசுக் கணக்கில் மற்ற இரண்டோடும் தோளுரசும் தூரம். ஸ்பானிய மொழி புழங்கும் ஊர் வேறு.

ஆனால் யாருக்கும் முழு மாற்றத்தடை எழுதித் தருவதில்லை என்பது அன்று அந்த அணியின் கொள்கை. எனக்கு இந்த ஒரு வரியே போதும். பத்து ஆண்டுக்கு வீடு வாங்குகிறீர்கள். வீட்டுக்காரர் எந்த மாதமும் சாமான்களை எடுத்து வேறு ஊருக்கு அனுப்பலாம் என்று பத்திரத்தில் இருக்கிறது. வாங்குவீர்களா? வரி இல்லை என்ற சாதகமும் அன்றே பறந்துவிடும், ஏனென்றால் மாற்றப்படும் ஊர் ஃபுளோரிடாவில் இருக்கப்போவதில்லை.

நடந்ததும் அதுதான். 2012இல் 69 வெற்றி, 93 தோல்வி. நவம்பரில் ரெயஸ், பூர்லே இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றியதுபோல டொராண்டோவுக்கு மாற்றிவிட்டார்கள். கையெழுத்திட்டு ஓராண்டுகூட ஆகவில்லை.

இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம் தேடும் இளைஞருக்கு, எந்த ஊரும் சொந்த ஊரே என்று இருப்பவருக்கு, இது மோசமில்லை. பத்தாண்டுக்கு மோசம்.

## அனாஹைம்: நீண்ட பெயர், நீண்ட ஒப்பந்தம்

அன்று அந்த அணியின் முழுப் பெயர் ‘லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் ஆஃப் அனாஹைம்’. ஒரே பெயரில் இரண்டு ஊர், அதில் ஒரே சொல் இரண்டு மொழியில். உரிமையாளர் ஆர்ட்டே மொரேனோ தானே பேச்சில் இறங்கினார். பத்து ஆண்டு, 24 கோடி. மாற்றத்தடை முழுமையாக. ஆட்டம் முடிந்த பிறகும் பத்து ஆண்டு அணியின் பணியில் இருக்க மேலும் ஒரு கோடி. 3,000ஆவது ஹிட் (அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேரும் அடி) வந்தால் 30 லட்சம். 763ஆவது ஹோம் ரன் அடித்து பெரிய லீகின் சாதனையை முறியடித்தால் 70 லட்சம். நீ எங்கள் வீட்டு ஆள், கடைசிவரை இரு என்ற பேச்சு. செயின்ட் லூயிஸ் சொல்லத் தவறிய வாக்கியத்தை மொரேனோ சொன்னார்.

இப்போது வரி. கலிஃபோர்னியாவின் உச்ச விகிதம் அன்று 10.3 சதவீதம். கையெழுத்தாகிப் பதினோரு மாதம் கழித்து, 2012 நவம்பரில், வாக்காளர்கள் அதை 13.3 ஆக்கினார்கள், அதுவும் அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே செல்லும்படி. முழுச் சம்பளத்துக்கும் அந்த விகிதம் என்று வைத்துப் பார்த்தால் மூன்று கோடிக்கு மேல் போகும். 24இல் நிற்பது 20.8. செயின்ட் லூயிஸின் 21இல் நிற்பது 19.5. தலைப்புச் செய்தியில் மூன்று கோடியாகத் தெரிந்த இடைவெளி ஒன்றேகால் கோடியாகச் சுருங்குகிறது.

அடுத்தது சம்பள ஏணி. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2012க்கு வெறும் 1.2 கோடி. முந்தைய ஆண்டு பழைய அணியில் வாங்கியதைவிடக் குறைவு! 2013க்கு 1.6. பிறகு 2.3, 2.4, 2.5 என்று ஏறி, 2021இல் 3 கோடி. 24இல் 14 கோடி கடைசி ஐந்து ஆண்டுக்கு, அதாவது 37 வயதிலிருந்து 41 வயது வரைக்கும். உடம்பு இறங்க இறங்கச் சம்பளம் ஏறும். அணிக்குத்தான் இது பாரம், வீரருக்கு என்ன என்று தோன்றும். வீரருக்கும் ஒரு பாரம் வந்தது. 2020இல் பெருந்தொற்று, 162 ஆட்டத்தில் 60 மட்டுமே நடந்தன, சம்பளமும் அந்த விகிதத்தில்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டுக்கு எழுதியிருந்தது 2.9 கோடி. கைக்கு வராமல் போனது ஏறத்தாழ 1.8 கோடி. மேலே வரி கழித்து மிஞ்சிய இடைவெளியைவிட இது பெரியது. யாரும் 2011இல் ஊகித்திருக்க முடியாதுதான். ஆனால் பணத்தைப் பின்னுக்குத் தள்ளுவது என்றால் இப்படிப்பட்ட பேய்மழைகளையும் சேர்த்து வாங்குவதுதான்.

மட்டை பிடிக்கும் இடம் மட்டும் போதும் என்ற சாதகம் எப்படி இருந்தது? தொடக்கத்தில் பெரிதாக உதவியது. 2013 ஜூலையில் பாதத்தின் அடித்தசை கிழிந்து, அந்தச் சீசன் 99 ஆட்டத்தோடு முடிந்தது. நேஷனல் லீகில் இருந்திருந்தால் திரும்ப நிற்பதே கடினம். இங்கே 2015இல் 40 ஹோம் ரன் அடித்தார். 2014 ஏப்ரலில் 500, 2017 ஜூனில் 600, 2018 மே மாதம் 3,000ஆவது ஹிட்.

ஆனால் 2018இல், பந்தெறிவது மட்டை பிடிப்பது இரண்டையும் செய்யும் ஷோஹெய் ஓட்டானி வந்து சேர்ந்தார். அவருக்கு அந்த இடம்தான் தேவை. 38 வயதுக் கால்களோடு புஹோல்ஸ் கையுறையைத் தூசி தட்டிக்கொண்டு திரும்ப முதல் பேஸுக்குப் போனார். எந்த இடத்துக்காக லீக் மாறினாரோ அந்த இடமே பறிபோனது. மாற்றத்தடையை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். உட்காரும் நாற்காலியை எழுதிக் கேட்க முடியாது.

அக்டோபர் கணக்கு இன்னும் சோகம். பத்து சீசனில் ஒரே ஒருமுறை, 2014இல், 98 வெற்றியோடு உள்ளே போனார்கள். கான்ஸஸ் சிட்டி மூன்றே ஆட்டத்தில் துடைத்து அனுப்பியது. மைக் ட்ரௌட் என்ற அபூர்வ வீரர் அதே களத்தில் நின்றும் இந்தக் கதி.

## ஒரே பார்வையில்

| | செயின்ட் லூயிஸ் | மயாமி | அனாஹைம் |
|---|---|---|---|
| சொன்ன தொகை (10 ஆண்டு) | சுமார் 21 கோடி, ஒரு பகுதி பின்னாளில் | சுமார் 20 கோடி | 24 கோடி. பணிக்கு மேலும் 1 கோடி |
| மாநில வரி | 6% (நகருக்கு 1%) | இல்லை | 10.3%, பிறகு 13.3% |
| மாற்றத்தடை | ஏற்கெனவே உண்டு | தர மறுப்பு | முழுமையாக உண்டு |
| மட்டைக்கு மட்டும் இடம் | 2022 முதல்தான் நிரந்தரம் | அதே | உண்டு; 2018 முதல் ஓட்டானிக்கு |
| அடுத்த ஐந்து ஆண்டில் அக்டோபர் (2012–16) | நான்கு முறை | ஒருமுறையும் இல்லை | ஒருமுறை |
| பெரிய மறைசெலவு | 41 வயதிலும் களத்தில் நிற்பது | எந்த நாளும் ஊர் மாற்றம் | கடைசி ஆண்டுகளில் குவிந்த சம்பளம் |

## குறுகிய ஒப்பந்தம் போட்டிருக்கலாமே?

நான்காவது வழியாகச் சிலர் சொல்வது இது. ஐந்து ஆண்டு, 13 கோடியை எடுத்துக்கொண்டு, 37 வயதில் மறுபடி சந்தைக்கு வந்திருக்கலாம். கணக்கு இதோ: ஏஞ்சல்ஸில் முதல் ஐந்து ஆண்டில் அவர் வாங்கியது 10 கோடி. ஆகவே 2016 முடிவில் 3 கோடி கூடுதலாகக் கையில் இருந்திருக்கும். அந்த ஆண்டு 31 ஹோம் ரன் அடித்து, 119 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். சந்தையில் ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் 37 வயதுக்காரருக்குப் பெருந்தொற்று வெட்டுக்குப் பின்னும் நின்ற 12 கோடியை யார் தந்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. நீண்ட ஒப்பந்தம் என்பது முதுமையை அணியின் தலையில் கட்டுவது. ஹாவர்டின் குதிகாலைப் பார்த்தவர் அதைச் செய்ததில் வியப்பில்லை.

பிரின்ஸ் ஃபீல்டரையும் பாருங்கள். புஹோல்ஸுக்கு அடுத்த மாதம் டெட்ராய்டில் ஒன்பது ஆண்டு, 21.4 கோடி. இரண்டு சீசனில் டெக்ஸஸுக்கு மாற்றப்பட்டு, கழுத்து அறுவைக்குப் பின் 2016இல், 32 வயதில் ஆட்டமே முடிந்தது. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. முதல் பேஸ்காரருக்குக் குறுகிய ஒப்பந்தம் தைரியம் அல்ல, சூதாட்டம்.

## நான் எந்தக் கட்சி

அணியின் நாற்காலியில் உட்கார்ந்தால் சந்தேகமே இல்லை: விட்டது சரி. அவர் போனதற்கு ஈடாகக் கிடைத்த தேர்வு உரிமைகளில் மைக்கேல் வாக்கா, ஸ்டீஃபன் பிஸ்காட்டி என்ற இருவரை எடுத்தார்கள். 2013இல் அணி வேர்ல்டு சீரிஸுக்குப் போனபோது, அதற்கு முந்தைய சுற்றின் சிறந்த வீரர் வாக்கா.

புஹோல்ஸின் நாற்காலியில்? 2011 டிசம்பரில் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டால், நான் செயின்ட் லூயிஸில் கையெழுத்திட்டிருப்பேன். ஒன்றேகால் கோடியும், பின்னாளில் வரும் ஒரு கோடியும், ஏற்கெனவே பத்துக் கோடி சம்பாதித்தவருடைய வாழ்க்கையில் எதையும் மாற்றாது. நான்கு அக்டோபர் மாற்றும். ஆனால் எனக்கு ஹாவர்ட் விழுந்ததை அவ்வளவு அருகில் நின்று பார்த்த அனுபவம் இல்லை. 36 வயதிலேயே நான் முடிந்துவிடுவேன் என்று என்னிடம் யாரும் சொன்னதும் இல்லை. ஆகவே அவர் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. அவர் தங்கியிருந்தால், மட்டைக்கு மட்டுமான இடம் இல்லாத லீகில், 39 வயதில் முதல் பேஸை அடைத்துக்கொண்டு நின்றிருப்பார். 2019இல் பால் கோல்ட்ஷ்மிட் என்ற முதல் பேஸ்காரர் அங்கே வந்திருக்க மாட்டார். ஊர் சலித்துக்கொண்டிருக்கும். போனதால்தான் 2019 ஜூன் 21 நடந்தது: எதிரணிச் சட்டையில் முதல் முறையாகத் திரும்பிவந்தவருக்கு மைதானம் முழுக்க எழுந்து நின்றது, கைதட்டல் ஓயட்டும் என்று, கேட்சராக அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மொலினா எழுந்து முன்னால் நடந்துபோய் நேரம் கடத்தினார், இருவரும் கட்டிக்கொண்டார்கள். தங்கியவருக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைக்க வழியில்லை.

2021 மே மாதம், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டின் நடுவிலேயே, ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. மிச்சச் சீசனை லாஸ் ஏஞ்சலிஸின் இன்னொரு அணியான டாட்ஜர்ஸில் கழித்தார். 2022இல் நேஷனல் லீகிலும் மட்டைக்கு மட்டுமான இடம் வந்தது. கார்டினல்ஸ் ஓராண்டுக்கு 25 லட்சம் கொடுத்துக் கூப்பிட்டது. 24 ஹோம் ரன் அடித்து, செப்டம்பர் 23 அன்று 700ஐத் தொட்டு, 703இல் நிறுத்தினார்.

அக்டோபர் 8 அன்று, செயின்ட் லூயிஸில், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் எட்டாம் இன்னிங்ஸில் ஒரு சிங்கிள் அடித்தார். மெல்ல ஓடிவந்து முதல் பேஸில் காலை வைத்தார். அவருக்குப் பதிலாக ஓட ஒரு இளைஞனை அனுப்பினார்கள். புஹோல்ஸ் அந்தப் பேஸிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, உள்ளே நடந்தார்.